சின்சில்லாவும் சித்திரை வெயிலும்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பிராணியைப் பற்றியவை: அடர்ந்த மென்மயிர் கொண்ட சின்சில்லா என்ற சிறிய கொறிக்கும் பிராணி. பத்து வருடங்களுக்கு முன் ஒரு வருடம் முழுவதும் சேர்த்தால்கூட இத்தனை வந்ததில்லை. கத்திரி வெயில் நெருங்குவதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். தலைக்கு மேல் மொட்டை மாடிதான். மூன்று வயதுச் சின்சில்லா வளர்க்கிறோம், பெயர் பஞ்சு. போன வாரம் மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் மின்விசிறியை ஓடவிட்டேன், கூண்டின் மேல் ஈரத் துண்டைப் போர்த்தினேன், தர்பூசணித் துண்டு ஒன்றையும் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பஞ்சு பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கிறது. காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. மின்சாரம் வந்து ஏ.சி. ஓடியதும் மெல்ல எழுந்துவிட்டது. நான் செய்ததில் என்ன தவறு?
(வாசகி, சென்னை)

பதில்: அம்மா, நீங்கள் செய்த மூன்றையும் ஒரு மனிதருக்குச் செய்திருந்தால் அவர் உங்களை வாழ்த்தியிருப்பார். குற்ற உணர்ச்சி வேண்டாம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட குளிர்ச்சி எல்லாமே தண்ணீரால் வருவது. மண்பானை, வெட்டிவேர்த் தட்டி, சாயங்காலம் வாசலில் தெளிக்கும் தண்ணீர், நெற்றியில் போடும் ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் வியர்வையும் அதே வேலையைத்தான் செய்கிறது. மின்விசிறி அந்த வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குச் சுகமாக இருக்கிறது.

சின்சில்லாவுக்கு வியர்க்காது. நாயைப் போல நாக்கை நீட்டி இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்கு வராது. நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு மயிர் என்றால், அதற்கு ஐம்பதுக்கும் மேல். அந்த அடர்த்தியைத் தாண்டிக் காற்று தோலைத் தொடுவதே இல்லை. உடம்புச் சூட்டை வெளியே விட அதற்கு இருக்கும் பெரிய வழி, அந்த அகலமான காதுகள்தான். சூடு ஏறும்போது ரத்தம் காதுகளுக்குப் பாய்கிறது. பஞ்சுவின் காது சிவந்தது அதனால்தான். அது உதவி கேட்ட அடையாளம்.

ஆக, மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அதன் மேல் வீசியது. ஈரத் துண்டு கூண்டுக்குள் காற்றோட்டத்தை அடைத்து, ஏற்கெனவே பிசுபிசுக்கும் சென்னைக் காற்றில் இன்னும் ஈரத்தைக் கூட்டியது. தர்பூசணி வேறு வகையான ஆபத்து. சர்க்கரையும் நீரும் நிறைந்த பழம் இதன் குடலில் புளித்து வாயுவாகிவிடும். இந்தப் பிராணியால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பினால் உயிருக்கே ஆபத்து. வெள்ளரி, திராட்சை, நுங்கு எதுவும் வேண்டாம். உலர்புல்லும் சுத்தமான குளிர்ந்த தண்ணீரும் போதும்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் ஈரப்பதமும் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி, அறைச் சுவரில் மாட்டாமல் கூண்டிலேயே, பஞ்சு உட்காரும் மேல் பலகையின் உயரத்தில் கட்டுங்கள். ஏ.சி. ரிமோட்டில் 22 என்று இருக்கும். மொட்டை மாடிச் சூடு இறங்கும் அறையில் மேல் பலகை 26 காட்டும். 18 முதல் 22 டிகிரி வரை இதற்குச் சுகம். 25ஐ என் எல்லைக்கோடாக வைத்திருக்கிறேன். 28ஐத் தாண்டினால் எந்த நேரமும் வெப்பத்தாக்கு வரலாம். ஈரப்பதம் மிகுந்த நாளில் அதற்கு முன்பே வரும். கடலோர ஊரில் இருக்கிறீர்கள், இதை மனத்தில் வையுங்கள்.

அடுத்தது கல். இதை நான் மிகவும் நம்புகிறேன். நாம் வளர்க்கும் நீளவால் சின்சில்லாவின் சொந்த ஊர் சிலி நாடு. இல்லாப்பெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இதற்காகவே 1983இல் ஒரு காப்பகம் அமைத்திருக்கிறார்கள். பனிமலை உச்சியில் வாழும் பிராணி என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது இவை வாழும் குன்றுகள் அவ்வளவு உயரமில்லை. சில இடங்கள் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர்தான். பகலில் வெயில் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் இவை பாறை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே வெளியே வருகின்றன. குளிர்ந்த, உலர்ந்த கல்லோடு ஒட்டிக் கிடப்பது இவற்றின் பிறவிப் பழக்கம்.

உங்கள் பகுதியில் கல் அறுக்கும் கடையில் கடப்பா கல்லிலோ கிரானைட்டிலோ ஓர் அடிக்கு முக்கால் அடித் துண்டுகள் இரண்டு கேளுங்கள். பெரும்பாலும் கழிவுத் துண்டாகவே கொடுத்துவிடுவார்கள். விளிம்பை மட்டும் மழமழவென்று தேய்த்து வாங்குங்கள். ஒன்று கூண்டில், மற்றது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் பனி பூத்து நீராக வழியும், வயிற்று மயிர் நனைந்துவிடும். கீழ்த்தட்டுக் கல்லிலும் சென்னையில் லேசாக நீர் கோக்கும். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். நனைந்த மயிர் அடியில் உலராது, பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் தண்ணீர்க் குளியலும் இதற்கு ஆகாது. மென்தூளில் புரள்வதுதான் இதன் குளியல்.

மின்தடைக்கு முன்னேற்பாடு வேண்டும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஏ.சி.யை இழுக்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கை எப்போதும் உறைய வைத்திருங்கள். மின்சாரம் போனதும் தடித்த பருத்தித் துண்டில் சுற்றி, கூண்டுக்கு வெளியே, கம்பியை ஒட்டி நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் கொறித்துவிடும். அந்தப் பாட்டில்களுக்குப் பின்னால் மின்விசிறியை வைத்தால், அப்போது மட்டும் அதற்கு ஒரு பயன் உண்டு. அரை மணி நேரம் தாண்டியும் மின்சாரம் வரவில்லை என்றால் காத்திருக்காமல் பஞ்சுவைத் தரைத்தளத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். இன்றே அந்த வீட்டாரிடம் பேசி வையுங்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் இன்னும் நல்லது; உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

இனி ஒருமுறை பஞ்சு அப்படிப் படுத்தால்? இதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் மதியம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். சின்சில்லா தலை தூக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது என்றார். "உடனே கொண்டு வாருங்கள்" என்றேன். அட்டைப்பெட்டியில் வைத்து, ஆட்டோவில், சிக்னல் சிக்னலாக நின்று முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தபோது உயிர் இல்லை. உடம்பு அப்போதும் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டில் ஏ.சி. அறை இருந்தது. முதலில் அங்கே குளிர்வித்துவிட்டுப் புறப்படுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

எனவே, முதலில் குளிர்வியுங்கள், பிறகு புறப்படுங்கள். வீட்டிலேயே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, கல்லின் மேல் கிடத்துங்கள். சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதுகளிலும் உள்ளங்கால்களிலும் ஒற்றி ஒற்றி எடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கவே கூடாது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மூச்சு சற்று நிதானமானதும், ஏற்கெனவே ஏ.சி. போட்டுக் குளிர வைத்த காரில் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து நடந்தாலும் போக வேண்டும். உள்ளுறுப்புகள் பட்ட பாடு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். பஞ்சு புழுக்கை போடுகிறதா, புல் தின்கிறதா? இரண்டில் எது குறைந்திருந்தாலும் இந்த இதழை மூடிவைத்துவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

கேள்வி: எங்கள் சின்சில்லாவின் முடியை மெஷினால் வெட்டிவிட்டால் அதற்குக் குளுகுளுவென்று இருக்காதா? நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன்.
(வாசகர், திருச்சி)

பதில்: தம்பி, அது கஷ்டப்படுகிறதே என்று யோசித்திருக்கிறாய், அந்த மனசுக்கு என் அன்பு. ஆனால் வெட்ட வேண்டாம். பயந்துபோனால் சின்சில்லா பிடித்த இடத்து மயிரைக் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடும். எதிரியிடமிருந்து தப்ப அதற்கு இயற்கை கொடுத்த வித்தை அது. மெஷின் சத்தத்துக்கும், பிடித்து அமுக்குவதற்கும் அது நடுங்கிப்போகும். அந்தப் பதற்றத்திலேயே உடம்பு இன்னும் சூடாகும். அதன் தோலும் மிக மெல்லியது, சுலபமாகக் கிழிந்துவிடும். முடியை வெட்டினாலும் அறை 34 டிகிரி என்றால் அதற்கும் 34தான். அப்பாவிடம் சொல்லி அறையைக் குளிர வைக்கச் சொல். உன் வேலை ஒன்று உண்டு: பள்ளி விட்டு வந்ததும் கூண்டு வெப்பமானியில் என்ன எண் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. திருச்சியில் அந்த நோட்டு மிகவும் உதவும்.

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. இரண்டு சின்சில்லாக்கள். இரவில் குளிர்ச்சியாக இருப்பதால் ஏ.சி.யை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைக்கிறேன், மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 150க்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு சரியா?
(வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இரவில் அணைப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சின்சில்லா பகலில் தூங்கி, அந்தியிலும் இரவிலும் ஓடியாடும் பிராணி. அது துள்ளிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் குளிர்ச்சியை நிறுத்துகிறீர்கள். உங்கள் ஊரில் இரவு வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். ஈரப்பதமோ பகலைவிட இரவில்தான் கூடுதல். நமக்குக் குளிராகத் தெரிவது பகல் வெயிலோடு ஒப்பிடுவதால்தான்.

அந்தக் கணக்கைப் பற்றி: சிங்கப்பூருக்கு அது ஓரளவு பொருந்தும். பகல் 31 டிகிரி என்றால் 88 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 75 சேர்த்தால் 163, ஆபத்து. ஏ.சி. அறையில் 22 டிகிரி என்றால் 72. ஈரப்பதம் 55 சேர்த்தால் 127, சரி. ஆனால் தமிழ்நாட்டு உள்மாவட்ட வாசகர்கள் தயவுசெய்து இதை நம்பி இருக்க வேண்டாம். வேலூரில் ஒரு மதியம் 38 டிகிரி, அதாவது 100 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 30 என்றால் கூட்டுத்தொகை 130. கணக்குப்படி பாதுகாப்பு. அந்த அறையில் சின்சில்லா மாலைவரை தாங்காது. வெப்பம் 25ஐத் தாண்டக் கூடாது, ஈரப்பதம் 60ஐத் தாண்டக் கூடாது என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

செலவைக் குறைக்க வழி, நேரத்தைக் குறைப்பதில் இல்லை. இடத்தைக் குறைப்பதில் இருக்கிறது. வீட்டிலேயே சிறிய அறை எதுவோ, கூண்டை அங்கே மாற்றுங்கள். மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போட்டு, கதவு இடுக்கை அடைத்து, 23 அல்லது 24இல் நாள் முழுவதும் ஓட விடுங்கள். ஒவ்வொரு நாளும் அணைத்து, சூடேறிய அறையை மறுபடி 18க்கு இறக்குவதைவிட விலங்குக்கு இது நல்லது. ஏற்ற இறக்கம்தான் அதை வாட்டுகிறது. ஏ.சி. காற்று நேராகக் கூண்டில் அடிக்க வேண்டாம். மழைநாளில் ஏ.சி.யை உலர்த்தும் இயக்கத்துக்கு (Dry) மாற்றுங்கள். தூள் குளியலை, ஈரம் மிகுந்த வாரங்களில், ஒன்றுவிட்டு ஒருநாள் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம்.

கேள்வி: நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். இங்கே ஏ.சி. தேவையில்லையே, கவலையின்றி வளர்க்கலாம் அல்லவா? பள்ளி விடுமுறைக்கு மதுரைக்குப் போகும்போது உடன் அழைத்துப் போகலாமா?
(வாசகர், குன்னூர்)

பதில்: வெப்பத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் இந்தப் பிராணிக்கு உங்கள் மலையைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. ஆனால் சிலியின் குன்றுகள் வறண்டவை; உங்கள் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் துணி உலராமல் நாள்கணக்கில் கிடக்கும். அந்த ஈரத்தில் மயிருக்கடியில் படர்தாமரை வரும், உங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டும். மழைக்காலத்துக்கு ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வேண்டும். கண்ணாடிச் சன்னலோரமும் தகரக் கூரைக்கு அடியும் மலையிலும் மதியத்தில் கொதிக்கும், அங்கே கூண்டு வேண்டாம்.

மதுரைக்கு அழைத்துப் போகவே கூடாது. குன்னூரில் காலை 20 டிகிரியில் இருந்த உயிர், மலை இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தின் 36 டிகிரியில் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. இன்று அமெரிக்க வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் ஏறக்குறைய எல்லாமே, 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன பதினொரு விலங்குகளின் வழிவந்தவை. அவற்றை அவர் மலையிலிருந்து ஒரே நாளில் இறக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வான இடங்களுக்குப் பழக்கினார். கப்பல் வெப்பமண்டலத்தைக் கடந்தபோது கூண்டுகளைப் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தார். ஏ.சி. இல்லாத காலத்தில் ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது, நம்பிக்கையான ஒருவரைப் பத்து நாள் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்வது மட்டுமே.

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் தோழி தன் சின்சில்லாவை என்னிடம் கொடுக்க விரும்புகிறாள். என் அறையில் ஏ.சி. கிடையாது, ஏர் கூலர் இருக்கிறது. கோவையில் மாலைக் காற்று நன்றாக இருக்கும். வாங்கிக்கொள்ளலாமா? அதைப் பார்த்தால் விட மனம் வரவில்லை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம் அம்மா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏர் கூலர் என்பது மின்சாரத்தில் ஓடும் வெட்டிவேர்த் தட்டிதான். வறண்ட நாளில் உங்கள் அறையை 36இலிருந்து 29க்கு இறக்கும், கூடவே ஈரத்தை ஏற்றும். உங்களுக்கு அது போதும், சின்சில்லாவுக்குப் போதாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்காலம்தான் வரும். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள்.

இன்னொன்று. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சின்சில்லா பதினைந்து வருடம், சில நேரம் இருபது வருடம்கூட இருக்கும். உங்கள் படிப்பு முடியும், வேலை வேறு ஊரில் கிடைக்கும், விடுதி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குளிர்ந்த அறை உத்தரவாதமாக இருக்க வேண்டும்.

விட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு ஒரு வீடு தேடிக் கொடுங்கள். நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் வீடா, ஜெனரேட்டர் வசதி உண்டா, மதியத்தில் யாராவது இருப்பார்களா, இதைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். "மின்விசிறி போதும்" என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். தோழி புறப்படும் நாள்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அது அவளுடைய குளிர்ந்த அறையிலேயே இருக்கட்டும். கொண்டுபோகும் நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு, ஏ.சி. காரில், துடைத்த கல் ஒன்றை அடியில் வைத்துக் கொண்டு போங்கள். பழகிய கூண்டும் கடித்துப் பழகிய மரத்துண்டும் கூடவே போகட்டும்.

வீடு கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.